எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?

நிறைசினை மாடு நெளிந்துகொண்டு நிற்கிறது, கன்று வரக் காணோம் என்று நடுராத்திரியில் கால்நடை மருத்துவரைப் போனில் எழுப்பினால், அவர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" நாம் சொல்லும் பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "சாயங்காலத்துல இருந்தே சரியில்லைங்க." அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், பாவம்? உடனே வண்டியை எடுப்பதா, இன்னும் ஒரு மணி நேரம் பாருங்கள் என்பதா என்று முடிவு செய்ய அவருக்கு வேண்டியது ஒரு நேரம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். 'சாயங்காலம்' என்று சொல்லாமல் 'ஏழே கால்' என்று சொல்வது எப்படி என்பதைத்தான் பேசப்போகிறோம்.

இதில் கன்றின் உயிர் இருக்கிறது. முதலில், எந்தச் சாவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். ஏழாம் மாதம், எட்டாம் மாதம் சினை கலைவது வேறு கதை. அதற்குப் புரூசெல்லா மாதிரி நோய்கள் காரணமாக இருக்கலாம். அப்படி விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடவே கூடாது, மனிதருக்கும் ஒட்டும். அதை இத்துடன் விட்டுவிடுகிறேன். நான் சொல்வது, சுமார் 280 நாள் கணக்கும் நிறைந்து, முந்தைய நாள் வரை வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்து, கடைசியில் உயிரில்லாமல் வந்து விழும் கன்றை. பிறந்து ஓரிரு நாளுக்குள் போய்விடும் கன்றையும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இதே கணக்கில்தான் சேர்க்கிறார்கள். ஏன் என்பது பின்னால் புரியும்.

இது எங்கோ எப்போதோ நடப்பதில்லை. அமெரிக்க ஹோல்ஸ்டீன் மாடுகளில், தலையீத்தில் இப்படி இழந்த கன்றுகள் 1985-இல் நூற்றுக்கு 9.5. அதுவே 1996-இல் 13.2 ஆயிற்று. இரண்டாம் ஈத்திலும் அதற்கு மேலும் உள்ள மாடுகளில் ஏறக்குறைய அதில் பாதி. அத்தனை வசதியும் மருத்துவமும் உள்ள பண்ணைகளின் கணக்கு இது. இதைவிட முக்கியமான இன்னொரு செய்தி உண்டு. செத்துப் பிறக்கும் கன்றுகளில் பெரும்பாலானவை வலி ஆரம்பிக்கும்போது உயிரோடுதான் இருந்திருக்கின்றன. வலி எடுத்ததற்கும் கன்று தரையில் விழுவதற்கும் நடுவே இருக்கும் சில மணி நேரத்தில்தான் அவற்றை இழக்கிறோம்.

அந்தச் சில மணி நேரத்தைத் தொடங்கிவைப்பது மாடு என்றுதான் நினைப்போம். உண்மையில் கன்று. நியூசிலாந்தில் மான்ட் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் 1960-களில் செம்மறி ஆடுகளை வைத்து இதைக் காட்டினார். வயிற்றுக்குள் இருக்கும் குட்டியின் பிட்யூட்டரி சுரப்பியை அழித்துவிட்டால், நாள் கடந்தும் ஆடு ஈனவில்லை. குட்டிக்குக் கார்ட்டிசால் ஏற்றினால் நாளுக்கு முன்பே ஈன்றுவிட்டது. அப்படி முந்திப் பிறந்த குட்டிகளின் நுரையீரல் எதிர்பார்த்ததைவிட நன்றாக விரிவதையும் அவர் கவனித்தார். குறைமாதத்தில் பிரசவம் ஆகப்போகும் தாய்மாருக்கு இன்று ஆஸ்பத்திரியில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கு அதுதான் தொடக்கம். ராஸ் ஹோவியுடன் சேர்ந்து அவர் அந்த ஆய்வை வெளியிட்டது 1972-இல். ஆட்டுப்பட்டியிலிருந்து பிரசவ வார்டுக்குப் போன வைத்தியம் என்று இதைச் சொல்லலாம். இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

பசுவிலும் வழி இதுவே. வளர்ந்து முடித்த கன்றின் உடலில் கார்ட்டிசால் ஏறுகிறது. அதுவரை சினையைத் தாங்கிக்கொண்டிருந்த புரொஜெஸ்டிரோன் குறைந்து ஈஸ்ட்ரோஜென் கூடுகிறது. இடுப்பெலும்பைக் கட்டியிருக்கும் தசைநார்கள் தளர்கின்றன, கருப்பையின் வாய் இளகுகிறது, கருப்பை சுருங்கத் தொடங்குகிறது. கொட்டகையில் நாம் பார்க்கும் அத்தனை மாற்றமும் இதன் வெளிப்பக்கம்.

வெளிப்பக்கத்தில் மெதுவாக வரும் அடையாளங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். மடி இறங்கும், பிறப்புறுப்பு தடித்துத் தளரும், வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழும், காம்புகள் விறைத்து மினுங்கும், சில மாடுகளில் பால்கூடச் சொட்டும். குழி நன்றாக விழுந்துவிட்டால் ஒரு நாளுக்குள் என்று பெரியவர்கள் சொல்வது ஓரளவு சரி. உடம்புச் சூடும் ஈனுவதற்கு முந்தைய நாளில் அரை டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். ஆனால் மாட்டின் சூடு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதி வைத்திருந்தால்தான் இறக்கம் தெரியும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் கட்டிய மாட்டுக்கு அந்தக் கணக்கும் கலைந்துபோகும். இந்த அடையாளங்கள் 'இன்றைக்கா நாளைக்கா' என்பது வரைதான் கூட வரும். மணி சொல்லாது.

மணி சொல்வது நடத்தை. கடைசி ஒரு நாளில் தீனி எடுப்பது குறையும், அசை போடுவது குறையும். இரவு பத்து மணிக்கு மாடு கால் மடித்துப் படுத்து, நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தால் நீங்களும் கொஞ்சம் கண்ணயரலாம். தட்டுப் பூராவும் தீவனம் கிடக்க, மாடு அசையும் போடாமல் நின்றால் தூக்கத்தை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒதுங்குவது. மேய்ச்சலில் விட்ட மாடு ஈனும் நேரத்தில் மந்தையை விட்டு விலகி, மறைவாக ஓரிடம் தேடும். கொட்டகைக்குள்ளேயே ஒரு மறைப்பு வைத்துக் கொடுத்தால் பசு அந்த மறைவை நாடுகிறதா என்று டென்மார்க்கிலும் கனடாவிலும் ஆய்வே நடத்தியிருக்கிறார்கள். நம் வீடுகளில் இந்த அடையாளம் தெரிவதேயில்லை. நாலு மாட்டுக்கு நடுவில், இரண்டு முழக் கயிற்றில் கட்டிப்போட்ட மாடு எங்கே போய் ஒதுங்கும்? கயிற்றை இழுக்கும், பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கும், பக்கத்து மாட்டை முட்டும். 'இன்னைக்கு என்னமோ முரண்டு பண்ணுது' என்று நாம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவோம்.

மிச்சம் இரண்டு. எடின்பரோவில் ஆய்வாளர்கள் பசுக்களை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, ஈனுவதற்கு முன் எந்த நடத்தை எல்லா மாட்டிலும் நம்பகமாகத் தெரிகிறது என்று பார்த்தபோது நின்றவை இந்த இரண்டுதான். ஒன்று, வாலைத் தூக்குவது. சாணி போட, மூத்திரம் விடத் தூக்குவதைச் சொல்லவில்லை. காரணமே இல்லாமல் வால் அடியிலிருந்து உயர்ந்து, அப்படியே விறைத்து நிற்கும். மற்றொன்று, படுப்பதும் எழுவதும். சாதாரண நாளில் ஒரு தடவை படுத்தால் நேரம் எடுத்துக் கிடக்கும் மாடு, இப்போது படுத்த வேகத்தில் எழும், எழுந்த வேகத்தில் படுக்கும். இவை இரண்டும் கடைசி ஆறு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெளிவாகவே கூடும். தலையீத்துக் கிடாரி இந்த அலைக்கழிப்பை இன்னும் முன்னதாகவே காட்டிவிடும். வால் தூக்கல் முதலில் கண்ணில் பட்ட நேரத்தைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். உங்கள் கடிகாரம் அங்கே ஓட ஆரம்பிக்கிறது.

இனிமேல்தான் சிக்கல். இதுவரை சொன்னதெல்லாம் நல்லபடியாக ஈனப்போகும் மாடு காட்டும் அடையாளம். கஷ்டப்படப்போகும் மாடு வேறு ஏதாவது காட்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். அதுவும் இதையேதான் காட்டும், கூடுதலாகக் காட்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹோல்ஸ்டீன் மாடுகளைக் கவனித்தபோது, பின்னால் சிரமப்பட்டு ஈன்ற மாடுகள் முந்தைய நாளிலேயே மற்றவற்றைவிடக் குறைவாகத் தின்றிருந்தன, குறைவாகத் தண்ணீர் குடித்திருந்தன, கூடுதல் தடவை எழுந்து படுத்திருந்தன. ஆக, ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு 'வலி எடுத்திருக்கு, போட்டுரும்' என்று சொல்ல முடியும். நல்லபடியாகப் போடுமா என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல, நேற்று இந்த மாடு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். இன்றைய அலைக்கழிப்பு எப்போது தொடங்கியது என்றும் தெரிய வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்த பெரிய பண்ணையைவிட, இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு இதில் வசதி அதிகம் என்பது என் எண்ணம். மாட்டின் முகம் பார்த்தே பழகியவர்கள் அல்லவா.

கருப்பையின் வாய் திறக்கும் இந்த முதல் கட்டம் சாதாரணமாக இரண்டிலிருந்து ஆறு மணி நேரம். கிடாரிக்கு இன்னும் நீளலாம். ஆறேழு மணி நேரம் அலைக்கழிந்தும் பனிக்குடம் கண்ணில் படவில்லை என்றால் மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். அதிலும் இரண்டு நிலைமைகள் நம்மை நன்றாக ஏமாற்றும், இரண்டிலும் மாடு அமைதியாகிவிடுவதால்.

ஒன்று, கருப்பை முறுக்கிக்கொள்வது. பாலித்தீன் பையின் வாயைத் திருகிய மாதிரி கருப்பை ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும். கன்று வெளியே வர வழியே இருக்காது, கன்றுக்குப் போகும் இரத்தமும் நெரிபடும். மாடு கொஞ்ச நேரம் வயிற்றை உதைத்துக்கொண்டு தவிக்கும், அப்புறம் அடங்கிவிடும். பனிக்குடமும் வராது, முக்கலும் வராது. 'வலி நின்னுருச்சு, பொய் வலி போல' என்று நாமும் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடுவோம். எருமை வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், எருமையில் இது அதிகம். மருத்துவர் வந்து, மாட்டைப் படுக்க வைத்து, விலாவில் பலகையை அழுத்தி உருட்டி முறுக்கை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேரத்தோடு கூப்பிட்டால் அது பலிக்கும்.

மற்றொன்று பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது, காது சில்லென்று இருக்கும். மூன்றாம், நாலாம் ஈத்துக்கு மேல், நிறையக் கறக்கும் மாடுகளில் வரும். ஜெர்சிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். மடிக்குள் சுண்ணாம்புச் சத்து ஒரே நாளில் இறங்கிவிடுவதால் இரத்தத்தில் அது குறைந்து, தசைகள் வேலை செய்ய மறுக்கும். கருப்பையும் தசைதானே. அதனால் வலி தொடங்கிப் பாதியில் சோர்ந்துவிடும். மாடு சாதுவாகப் படுத்திருக்கும், உள்ளே கன்று திணறிக்கொண்டிருக்கும். மருத்துவர் வந்து கால்சியம் ஏற்றினால் மாடு எழுந்து முக்கத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

பனிக்குடம் வெளியே தெரிந்ததும் இரண்டாம் கட்டம். இந்த நேரத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், நிமிடம் உட்பட. அமெரிக்காவில் ஓஹியோ ஆய்வாளர்கள் தானாக ஈன்ற ஹோல்ஸ்டீன் மாடுகளை அளந்து பார்த்து, பனிக்குடம் தெரிந்து 70 நிமிடம், கால் தெரிந்து 65 நிமிடம் ஆகியும் கன்று வரவில்லை என்றால் உதவி தொடங்கலாம் என்றார்கள். ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், இந்தக் கட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய மாடுகளில் கன்று சாவு கூடியிருந்தது. ஏன் கூடுகிறது? ஒவ்வொரு முக்கலுக்கும் கருப்பை நெரிகிறது, நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது, இரத்தத்தில் அமிலம் சேர்கிறது. கன்று இதைக் கொஞ்ச நேரம் தாங்கும், அதற்கென்று ஒரு எல்லை உண்டு. தொங்கும் நாக்கு வீங்கி நீலம் பாய்ந்திருந்தாலோ, வரும் நீர் மஞ்சளாக இருந்தாலோ கன்று ஏற்கெனவே திணறுகிறது என்று அர்த்தம். மஞ்சள், கன்று உள்ளேயே கழிந்ததால் வருவது. இப்படித் திணறிப் பிறந்த கன்று மூச்சு விட்டாலும் சோர்ந்து கிடக்கும், மடியைத் தேடாது, சீம்பால் குடிக்காது, மறுநாள் போய்விடும். ஓரிரு நாளில் சாகும் கன்றையும் இதே கணக்கில் சேர்ப்பது இதனால்தான்.

அதற்காக, கால் தெரிந்ததும் கயிறு போட்டு இழுப்பதா? நம் ஊரில் தூங்கிக் கோட்டைவிடுவது ஒரு குறை என்றால், அவசரப்படுவது அதைவிடப் பெரிய குறை. நாலு பேர் கூடிவிட்டால் இழுக்காமல் இருக்க யாராலும் முடியாது. திறக்காத வாயில் இழுத்தால் மாடு கிழிபடும், கன்றின் விலா ஒடியும். கிடாரியில் கால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவதும் மறுபடி வருவதும் இயல்பு. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் பாருங்கள். போன தடவையைவிடக் கொஞ்சமாவது வெளியே வந்திருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அப்படியே நின்றிருந்தால் போனை எடுங்கள், 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ உங்கள் ஊர் மருத்துவருக்கோ.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. வந்திருப்பது எந்தக் கால் என்று பாருங்கள். குளம்பின் அடிப்பாகம் தரையைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் முன்னங்கால். கொஞ்சம் பின்னால் கன்றின் மூக்கும் இருக்க வேண்டும். வானத்தைப் பார்த்திருந்தால் பின்னங்காலாக இருக்கலாம், அல்லது கன்று மல்லாந்திருக்கலாம். பின்னங்கால் முதலில் வரும் கன்றுக்கு, இடுப்பும் வயிறும் மாட்டின் இடுப்பெலும்புக்குள் நுழையும்போது தொப்புள்கொடி நசுங்கிவிடும். தலையோ இன்னும் உள்ளே, தண்ணீருக்குள் இருக்கும். அதற்கப்புறம் கன்றுக்கு இருப்பது சில நிமிடங்களே. ஒற்றைக் கால் மட்டும் வருவது, தலை வந்து கால் வராதது, வால் மட்டும் தட்டுப்படுவது, இவற்றுக்கும் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. உடனே ஆள் வர வேண்டும்.

இடம் மாற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலி முற்றி, வால் தூக்கி, கெட்டியான கோழை இரத்தம் கலந்து தொங்கும் நேரத்தில்தான் பலருக்கு மாட்டை நல்ல இடத்தில் கட்டவேண்டும் என்று தோன்றும். அந்த நேரத்தில் நகர்த்திய மாடுகளுக்கு இரண்டாம் கட்டம் நீண்டுபோவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். பனிக்குட நீர் விழுந்த இடத்தை மாடு மோந்து நக்கிக்கொண்டே அங்கேயே சுற்றும், அதுதான் அதற்குப் பிரசவ அறை. மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். வழுக்காத மண் தரை, காய்ந்த வைக்கோல், பக்கவாட்டில் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்குக் கயிற்றில் நீளம், தூரத்திலிருந்தே பார்க்க ஒரு விளக்கு, இவ்வளவு போதும். சுவரோரம் பின்பக்கம் ஒட்டிப் படுத்த மாட்டுக்குக் கன்று வெளியே வர இடமில்லாமல் போவதுண்டு.

ராத்திரி முழுக்க யார் உட்கார்ந்திருப்பது என்று கேட்பீர்கள். அயர்லாந்துக்காரர்கள் வாலில் மாட்டும் மூகால் என்ற கருவியைச் செய்திருக்கிறார்கள். வால் அசைவை எண்ணி, நேரம் நெருங்கும்போது செல்போனுக்குச் செய்தி அனுப்பும். நூறு மாடு வைத்திருப்பவருக்குச் சரி. அதைவிட எனக்குப் பிடித்தது கனடாவின் மானிடோபாவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த கஸ் கோனெஃபால் 1970-களில் செய்த வேலை. தீவனத்தை இரவிலும் போடத் தொடங்கினார். அவருடைய இறைச்சி மாடுகளில் பெரும்பாலானவை பகலில் ஈனத் தொடங்கின. பால் மாடுகளில் எல்லா இடத்திலும் அதே அளவு பலன் கிடைக்கவில்லை. ஆனால் காசு செலவில்லாத காரியம், கடைசி இரண்டு மூன்று வாரம் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

கன்று விழுந்ததும் செய்ய வேண்டியவை சிக்கலில்லாதவை. மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையை வழித்தெடுத்து, நெஞ்சின் மேல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். மூச்சு வரவில்லை என்றால் வைக்கோல் துரும்பால் மூக்கைக் குடையுங்கள், காதில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள், வைக்கோலால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். தலைகீழாக நெடுநேரம் தொங்கவிடும் பழைய பழக்கத்தில் நன்மையைவிடக் கேடு அதிகம், குடல் சரிந்து நுரையீரலை அழுத்தும். தொப்புளில் அயோடின், இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால்.

இத்தனை பார்த்தும் சில கன்று சாகும். ஸ்காட்லாந்தில் பார்த்தபோது, இறந்து பிறந்த கன்றுகளில் ஒரு பங்கு, எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தவையாகவே இருந்தன. உடல்வாகில் அவை உயிரோடு பிறந்தவற்றிலிருந்து வித்தியாசப்பட்டன. அதற்குக் கொட்டகையில் காவல் இருப்பவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, யாரையும் திட்டவும் வேண்டாம். மாட்டுக்கு வேலை இன்னும் முடியவில்லை. உள்ளே இன்னொரு கன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழுகிறதா என்று பார்க்க வேண்டும், மடியைக் கறந்துவிட வேண்டும்.

அடுத்த சினை ஊசியைப் பற்றியும் அப்போதே யோசித்து வைக்கலாம். ஹோல்ஸ்டீன் கன்று பிறக்கும்போது 40 கிலோ வரும், ஜெர்சிக் கன்று 25 கிலோதான். சிறுகட்டான ஜெர்சி கலப்புக் கிடாரிக்கு, பால் கூடும் என்று ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் ஊசி போடுவது நம் பக்கம் சகஜம். அந்தப் பாலுக்கு முதல் ஈத்திலேயே விலை கொடுக்க வேண்டி வரும். ஊசி போட வருபவரிடம் எந்தக் காளையின் விந்து என்று கேட்டு, குச்சியில் உள்ள எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். அதற்குப் பக்கத்திலேயே பிறந்த கன்று ஆணா பெண்ணா, பெரிதா சிறிதா, பனிக்குடம் எத்தனை மணிக்கு, கன்று எத்தனை மணிக்கு என்பதையும். அடுத்த கிடாரி பருவத்துக்கு வரும்போது, அந்த எண் உள்ள குச்சி வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல உங்களிடம் ஒரு காரணம் இருக்கும்.